ஒரே துறைக் கம்பெனிகள் ஏன் சேர்ந்தாற்போல் பங்குச்சந்தைக்கு வருகின்றன?

2016 செப்டம்பர் வரைக்கும் நம் நாட்டுப் பங்குச்சந்தையில் நேரடியாக ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் பங்கைக்கூட வாங்க முடியாது. அந்த மாதம்தான் ஐசிஐசிஐ புரூடென்ஷியல் லைஃப் முதலாவதாக வந்தது. அடுத்த வருடத்தைப் பாருங்கள். 2017 செப்டம்பரில் ஐசிஐசிஐ லம்பார்டும் எஸ்பிஐ லைஃபும், அக்டோபரில் ஜிஐசி, நவம்பரில் நியூ இந்தியா அஷூரன்ஸும் எச்டிஎஃப்சி லைஃபும். மூன்றே மாதத்தில் ஐந்து இன்சூரன்ஸ் கம்பெனிகள்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிற என் அத்தை மகன் போன வருடம் பங்கு வாங்கி வைக்கிற டீமேட் கணக்கு திறந்தான். பழைய ஐபிஓ பட்டியல் ஒன்றைப் பார்த்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, இவங்க எல்லாரும் பேசி வச்சுக்கிட்டுதான் வராங்களா?" நல்ல கேள்வி. அவனுக்கு அன்றைக்குச் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நம் பக்கம் நிறையப் பேர் இப்போது போனிலேயே ஐபிஓவுக்கு விண்ணப்பிக்கிறார்கள், ஆனால் அந்த ஐபிஓ ஏன் இந்த மாதம் வருகிறது, ஏன் ஆறு மாதம் முன்னாடி வரவில்லை என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ஐபிஓ என்றால் ஒரு கம்பெனி முதல்முறையாகத் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்பது. அதில் இரண்டு வகைப் பணம் இருக்கிறது. கம்பெனி புதிதாகப் பங்கு உருவாக்கி விற்றால் அந்தப் பணம் கம்பெனிக்குப் போகும். கடையைப் பெரிசாக்கலாம், கடனை அடைக்கலாம். ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்கள் தங்கள் பங்கை விற்றால், அதற்கு ஆஃபர் ஃபார் சேல் என்று பெயர், அந்தப் பணம் அவர்கள் பாக்கெட்டுக்குப் போகும், கம்பெனிக்கு ஒரு ரூபாயும் வராது. நிறைய ஐபிஓக்களில் இரண்டும் கலந்திருக்கும். எப்படி இருந்தாலும் சரி, எப்போது விற்பது என்று முடிவு செய்கிறவர் விற்கிறவர்தான், வாங்குகிற நாம் இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இப்போது காசிமேட்டுக்கு வாருங்கள். என் மாமா அங்கே விசைப்படகு வைத்திருக்கிறார். வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் படகைக் கரையேற்றி ஓட்டை அடைப்பது, பெயின்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரித்து மாட்டுவது, வலை பின்னுவது என்று வேலை ஓடும். ஜூன் 14 ராத்திரி துறைமுகத்தைப் பார்க்க வேண்டும். ஐஸ் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், டீசல் கேன், அரிசி மூட்டை, தண்ணீர் டிரம் எல்லாம் ஒருத்தர் தோள் மாறி ஒருத்தர் தோளில் ஏறும், பூஜை முடிந்த படகுகளில் மாலை தொங்கும். நள்ளிரவு தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். யாரும் பேசிவைத்துக்கொண்டு கிளம்பவில்லை. கடல் திறந்தது, அதனால் எல்லாரும் கிளம்பினார்கள்.

பங்குச்சந்தைக்கும் இந்த மாதிரி தடைக்காலங்கள் உண்டு, அதைத்தான் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஜன்னல் மூடிக்கிடக்கிறது என்பார்கள். சந்தை விழுந்து கிடக்கும்போது யாரும் புதுப்பங்கு வாங்க மாட்டார்கள்; வாங்கினாலும் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். அப்போது கம்பெனிகள் கணக்கைச் சரிசெய்வது, கடனைக் குறைப்பது, வக்கீல்களை வைத்து ஆவணம் தயாரிப்பது என்று கரையில் வேலை பார்க்கும். சந்தை எழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். வித்தியாசம் என்னவென்றால், காசிமேட்டில் தேதி முன்கூட்டியே தெரியும், சந்தையில் தெரியாது.

சரி, இது ஏன் மொத்தமாகக் கிளம்புகிறார்கள் என்பதற்குப் பதில். ஆனால் ஏன் ஒரே துறை? அதற்கும் மாமாவின் படகிலேயே பதில் இருக்கிறது. கிளம்பின படகுகள் எல்லாம் ஒரே திசையில் போவதில்லை. ஆனால் யாரோ ஒருத்தருக்கு ஓரிடத்தில் நல்ல மீன் பட்டால், வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை காதில் விழுந்தாலே போதும், மற்றவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். முதல் படகு அந்த இடத்தைக் கண்டுபிடிக்க டீசலை எரித்தது. மற்ற படகுகளுக்கு அந்தச் செலவு இல்லை.

பங்குச்சந்தையில் அந்த மீன் என்ன? விலை. இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். நீங்கள் ஒரு கெமிக்கல் ஃபேக்டரி வைத்திருக்கிறீர்கள், வருடத்துக்கு 10 கோடி லாபம். உங்களைப் போன்ற தொழிலில் ஏற்கெனவே சந்தையில் இருக்கும் கம்பெனிகளை மக்கள் லாபத்தைப் போல 20 மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால், உங்கள் ஃபேக்டரியின் மதிப்பு 200 கோடி. கால் பங்கை விற்றால் 50 கோடி கிடைக்கும். இரண்டு வருடம் கழித்து அதே தொழிலுக்குச் சந்தை 50 மடங்கு கொடுக்கிறது என்று வையுங்கள். உங்கள் லாபம் அதே 10 கோடிதான், ஒரு ரூபாய் கூடவில்லை. ஆனால் மதிப்பு 500 கோடி, அதே கால் பங்குக்கு 125 கோடி. இப்போது விற்பீர்களா, அப்போதே விற்றிருப்பீர்களா? உங்களுக்குத் தோன்றுகிற அதே பதில்தான் உங்கள் தொழிலில் இருக்கும் இன்னும் ஏழெட்டுப் பேருக்கும் அதே வாரம் தோன்றும்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்த சமயத்தில் எங்கள் தெருவிலும் இப்படித்தான் பேச்சு ஓடியது. ஒருத்தர் வீட்டை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டார் என்று தெரிந்ததும், அதுவரை விற்கிற யோசனையே இல்லாதவர்கள்கூட சதுர அடிக் கணக்கு போட ஆரம்பித்தார்கள். வீடு அதே வீடுதான். பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் எழுதின தொகைதான் புதுசு.

ஐபிஓவில் இந்தப் பக்கத்து வீட்டுக் கணக்கு வெறும் பேச்சாக இருப்பதில்லை, ஆவணத்திலேயே அச்சாகி வரும். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியிடம் ஒவ்வொரு கம்பெனியும் கொடுக்கும் பிராஸ்பெக்டஸில், அதாவது கம்பெனியைப் பற்றிய விவர ஆவணத்தில், வெளியீட்டு விலைக்கான அடிப்படை என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில், இதே தொழிலில் ஏற்கெனவே லிஸ்ட் ஆன, அதாவது சந்தைக்கு வந்துவிட்ட, கம்பெனிகள் எவை, அவை லாபத்தைப் போல எத்தனை மடங்கில் விற்கின்றன என்று ஒரு அட்டவணை போடுவார்கள். அந்த அட்டவணை உயரமாக இருந்தால் நம் விலையையும் உயரமாக வைக்கலாம். அதனால்தான் ஒரு துறையில் நாலு கம்பெனி நல்ல விலைக்கு லிஸ்ட் ஆனதும் ஐந்தாவது கம்பெனியின் ஆவணம் செபி மேசைக்கு வந்துவிடுகிறது.

கெமிக்கல் என்று சொன்னேன், அதற்குக் காரணம் இருக்கிறது. மணலி பக்கம் இருப்பவர்களுக்கு கெமிக்கல் தொழில் என்றால் முதலில் மூக்குக்குத்தான் தெரியும், அப்புறம்தான் லாபக்கணக்கு. ஆனால் 2020, 2021-ல் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். சீனாவில் மாசுக் கட்டுப்பாட்டை இறுக்கி நிறைய ஆலைகளை மூடியிருந்தார்கள், அதன்மேல் கொரோனாவும் வந்தது, வெளிநாட்டுக் கம்பெனிகள் எல்லாம் சீனாவை மட்டும் நம்பியிருக்க முடியாது, இன்னொரு இடமும் வேண்டும் என்று தேடின. அந்தத் தேடலில் இந்திய கெமிக்கல் கம்பெனிகளுக்கு மவுசு கூடியது. மணலியிலேயே இருக்கும் மணலி பெட்ரோகெமிக்கல்ஸ், பல வருடமாகச் சந்தையில் அமைதியாகக் கிடந்த பங்கு, 2020 மார்ச்சில் 20 ரூபாய்க்கும் கீழே இருந்தது 2021-ல் 100 ரூபாயைத் தாண்டியது.

பழைய கம்பெனிகளுக்கு இந்த விலை என்றால் புதுசாக வருபவர்கள் சும்மா இருப்பார்களா? 2020 ஜூலையில் ரோஸாரி பயோடெக், செப்டம்பரில் கெம்கான், 2021 மார்ச்சில் லக்ஷ்மி ஆர்கானிக்கும் அனுபம் ரசாயனும், ஜூலையில் கிளீன் சயின்ஸும் தத்வ சிந்தனும், ஆகஸ்டில் நம்ம சென்னையின் கெம்பிளாஸ்ட் சன்மார். இந்த கெம்பிளாஸ்ட் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏற்கெனவே சந்தையில் இருந்த கம்பெனி அது, 2012-ல் பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே போனது, ஒன்பது வருடம் கழித்து 2021-ல் திரும்பி வந்தது. அதற்கு நடுவில் ஃபேக்டரி எங்கேயும் ஓடிப்போகவில்லை. சந்தை அந்தத் தொழிலைப் பார்க்கிற பார்வைதான் மாறியிருந்தது. கிளீன் சயின்ஸும் தத்வ சிந்தனும் ஜூலையில் லிஸ்ட் ஆன முதல் நாள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கில் தொடங்கின. ஆகஸ்டில் வந்த கெம்பிளாஸ்ட் ஏறக்குறைய வெளியீட்டு விலையிலேயே தொடங்கியது. எல்லாம் ஒரே அலை, ஒரு மாத இடைவெளி.

இன்னொரு காரணம், முதல் படகு எரிக்கும் டீசல். ஒரு புதுத் தொழில் முதல்முறையாகச் சந்தைக்கு வரும்போது அதை எப்படி மதிப்பிடுவது என்று யாருக்கும் தெரியாது. மியூச்சுவல் ஃபண்டில் இருப்பவர்களுக்கு, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு, பத்திரிகைக்காரர்களுக்கு, ஏன், செபிக்கே கூட ஆரம்பத்திலிருந்து விளக்க வேண்டும். ஜொமாட்டோ 2021 ஜூலையில் வந்தபோது இந்தியாவில் லிஸ்ட் ஆன சாப்பாடு டெலிவரி கம்பெனி ஒன்றுகூடக் கிடையாது. லாபமும் கிடையாது, நஷ்டம்தான். லாபமே இல்லாத இடத்தில் எத்தனை மடங்கு என்று எதை வைத்துப் பெருக்குவது? 76 ரூபாய்க்கு விற்றார்கள், மொத்தம் 9,375 கோடி. முதல் நாள் 115 ரூபாய்க்கு மேல் தொடங்கியது. அந்த ஒரு காலைப்பொழுதில், நஷ்டத்தில் ஓடும் இன்டர்நெட் கம்பெனியையும் இந்தியச் சந்தை வாங்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதன்பிறகு அந்தப் பாடத்தை இன்னொருத்தர் திரும்ப நடத்த வேண்டியதில்லை.

நவம்பரில் நைகா, பாலிசிபஜார், பேடிஎம் மூன்றும் ஒன்பது நாளுக்குள் லிஸ்ட் ஆயின. ஒன்று அழகுசாதனம் விற்கிறது, ஒன்று இன்சூரன்ஸ் விற்கிறது, ஒன்று பணப் பரிமாற்றம். தொழில் வேறுதான், ஆனால் முதலீட்டாளர் மனதில் எல்லாம் இன்டர்நெட் கம்பெனி என்கிற ஒரே கூடை. நைகா 10-ஆம் தேதி, 1,125 ரூபாய் பங்கு 2,000-க்கு மேல் தொடங்கியது. பாலிசிபஜார் 15-ஆம் தேதி, 980 ரூபாய் பங்கு 1,150. பேடிஎம் 18-ஆம் தேதி, 18,300 கோடி, அன்றைக்கு அதுதான் இந்தியாவின் மிகப் பெரிய ஐபிஓ, 2,150 ரூபாய் பங்கு முதல் நாள் முடிவில் 1,564. எட்டு நாளில் காற்று எப்படித் திரும்பியது பாருங்கள்.

அதன் அடுத்த விளைவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேடிஎம் போலவே பணப் பரிமாற்றத் தொழிலில் இருக்கும் மொபிக்விக் அப்போது செபி அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. சுமார் 1,900 கோடி திரட்டுவதாகத் திட்டம். தள்ளிப்போட்டார்கள். செபி அனுமதி சாதாரணமாகப் 12 மாதம்தான் செல்லும், அது கழிந்துபோனது. கடைசியில் 2024 டிசம்பரில்தான் வந்தார்கள், அதுவும் 572 கோடிக்கு. பக்கத்துப் படகுக்கு அடித்த புயல் கரையில் நின்ற படகையும் மூன்று வருடம் கட்டிப்போட்டது.

இந்தப் 12 மாதக் கணக்கு மாதிரி இன்னும் சில கடிகாரங்கள் உள்ளே ஓடுகின்றன. ஆவணத்தில் காட்டும் நிதிக் கணக்கு ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, இருந்தால் புதுசாகத் தணிக்கை செய்து போட வேண்டும். ஒரே காலாண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரே காலக்கெடுவுக்குள் ஓட வேண்டியவர்கள் ஒரே மாதங்களில் குவிவது இயல்பு.

போட்டிக்காரன் பயமும் இருக்கிறது. சிலர் இதைப் பொறாமை என்று நினைப்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை, இது பிழைப்பு. இணையம் பிறந்த காலத்தில் அமெரிக்காவில் இணையத்தில் தேடித் தரும் கம்பெனிகள் பல இருந்தன. 1996 ஏப்ரல் 2-ஆம் தேதி லைகோஸ் பங்குச்சந்தைக்கு வந்தது. 4-ஆம் தேதி எக்ஸைட் வந்தது. 12-ஆம் தேதி யாஹூ. பதினோரு நாளில் மூன்று போட்டிக்காரர்கள்! யாஹூ பங்கு 13 டாலருக்கு விற்று அன்றைக்கே 33 டாலரில் முடிந்தது. இதில் ஒருத்தர் மட்டும் பணம் திரட்டி மற்றவர் திரட்டாமல் இருந்தால் என்ன ஆகும்? பணம் உள்ளவர் விளம்பரம் போடுவார், நல்ல இன்ஜினியர்களை இழுப்பார், தன் பங்கையே கொடுத்துச் சின்னக் கம்பெனிகளை வாங்குவார். மற்றவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நம் ஊரிலேயே 2024 நவம்பரில் இது நடந்தது. ஸ்விகி 11,327 கோடி ஐபிஓவோடு சந்தைக்கு வந்தது. அதே மாதம், ஏற்கெனவே லிஸ்ட் ஆகியிருந்த ஜொமாட்டோ பெரிய நிறுவனங்களிடம் பங்கு விற்று இன்னும் 8,500 கோடி திரட்டிக்கொண்டது. பத்து நிமிடத்தில் வெங்காயம் வீட்டுக்கு வரும் சண்டை அப்போது உச்சத்தில் இருந்தது. எதிரி டாங்க் நிரப்பும்போது நம் டாங்கும் நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்விகியின் ஒப்பீட்டு அட்டவணையில் இருந்த பெயரும் ஜொமாட்டோதான் என்பதையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். மூன்று வருடம் முன்னால் ஜொமாட்டோவுக்கு அப்படிக் காட்ட இங்கே யாரும் இல்லை.

சில அலைகளுக்குக் காரணம் ரொம்ப எளிமையானது, சட்டம் சொல்லியிருக்கும். 2015 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி பத்து நிறுவனங்களுக்கு ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கி தொடங்கக் கொள்கை அளவில் அனுமதி கொடுத்தது, அதில் நம்ம சென்னையின் ஈக்விடாஸும் ஒன்று. சிலருடைய பங்குகளில் வெளிநாட்டுப் பணம் அளவுக்கு மேல் இருந்தது, அதைக் குறைக்க வேண்டியிருந்தது. விளைவு, 2016 ஏப்ரல் முதல் வாரத்தில் ஈக்விடாஸ் ஹோல்டிங்ஸ் ஐபிஓ, மாதக் கடைசியில் உஜ்ஜீவன் ஐபிஓ. அப்புறம் இன்னொரு நிபந்தனை, வங்கியின் சொந்த நிதி 500 கோடியைத் தொட்டதிலிருந்து மூன்று வருடத்துக்குள் வங்கியே லிஸ்ட் ஆக வேண்டும். எல்லாரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கினவர்கள், அதனால் கெடுவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தது. உஜ்ஜீவன் வங்கி 2019 டிசம்பர், ஈக்விடாஸ் வங்கி 2020 அக்டோபர், சூர்யோதய் 2021 மார்ச். பத்தாம் வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒன்றாகப் பரீட்சை எழுதுவது மாதிரி.

முதலில் சொன்ன இன்சூரன்ஸ் ஐந்துக்கும் இதில் பங்கு உண்டு. 2015-ல் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டுப் பங்கு வரம்பை 26 சதவீதத்திலிருந்து 49 ஆக்கினார்கள், துறையின் மேல் எல்லார் கண்ணும் விழுந்தது. ஐசிஐசிஐ புரூடென்ஷியல் முதலில் இறங்கி, இந்தியாவில் ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்கு என்ன விலை என்று காட்டிவிட்டது. ஜிஐசி, நியூ இந்தியா இரண்டும் அரசாங்கக் கம்பெனிகள், அரசுக்குப் பங்கு விற்பனையில் பணம் வேண்டும். எஸ்பிஐ லைஃப், எச்டிஎஃப்சி லைஃப், ஐசிஐசிஐ லம்பார்ட் மூன்றும் முழுக்க ஆஃபர் ஃபார் சேல். அதாவது அந்த மூன்று கம்பெனிகளுக்கும் அந்த ஐபிஓவிலிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை, விற்றது பழைய உரிமையாளர்கள். அவர்கள் ஏன் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு இப்போது உங்களுக்கே பதில் தெரியும்.

மெர்ச்சன்ட் பேங்கர்களையும் சொல்ல வேண்டும். ஐபிஓவை நடத்திக்கொடுத்துக் கமிஷன் வாங்குபவர்கள் அவர்கள். ஒரு துறையில் ஒரு ஐபிஓ ஜெயித்ததும் அடுத்த வாரமே அந்தத் துறையின் மற்ற முதலாளிகளின் வாசலில் இவர்கள் போய் நிற்பார்கள், கையில் அதே கணக்கு, அதே முதலீட்டாளர் பட்டியல். அதோடு, ஆரம்பத்தில் பணம் போட்ட வென்ச்சர் ஃபண்டுகளுக்கும் ஆயுள் உண்டு, பத்து வருடம் என்பது வழக்கம், அதற்குள் விற்றுத் தங்களுக்குப் பணம் கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும். ஒரே மாதிரிக் கம்பெனிகளில் ஒரே சமயத்தில் பணம் போட்டவர்களுக்கு வெளியே வர வேண்டிய அவசரமும் ஒரே சமயத்தில்தான் வரும்.

இனி, எல்லாப் படகும் திரும்பி வரும்போது என்ன நடக்கும் என்று பார்ப்போம். தடைக்காலம் முடிந்து முதலில் கரைக்கு வரும் படகின் மீனுக்கு ஏலத்தில் அடிதடிதான், இரண்டு மாதம் மீனுக்கு ஏங்கின ஊர், வஞ்சிரம் கூடையை இறக்கும் முன்பே விலை ஏறும். நாலைந்து நாளில் நிலைமையே வேறு. போன வருடம் விடியற்காலை நாலு மணிக்கு மாமாவோடு ஏலக்கூடத்தில் நின்றேன். தரை முழுக்க ஈரம், சங்கராவும் நண்டும் குவியல் குவியலாக. மாமா கடல் பக்கம் பார்த்துவிட்டு, "இன்னும் நாப்பது போட் உள்ள வருது மாப்ள, இன்னிக்கு கேட்ட விலைக்குக் குடுத்துட வேண்டியதுதான்" என்றார். மீன் கெட்டுப்போகவில்லை, அதே கடல், அதே மீன். வாங்குகிறவர் கையில் இருக்கும் பணம் மட்டும் முன்னால் வந்த படகுகளிடம் போய்விட்டது.

ஐபிஓ அலையின் கடைசியில் இதைவிட ஒரு படி மோசம், ஏனென்றால் அங்கே மீனின் தரமும் இறங்கும். நல்ல கம்பெனிகள் முதலில் வந்துவிடும், பின்னால் வருகிறவர்களில் பலர் விலை இருக்கும்போதே விற்றுவிட வேண்டும் என்று வருபவர்கள். அமெரிக்காவில் ஜே ரிட்டர் என்கிற பேராசிரியர் 1975 முதல் 1984 வரை சந்தைக்கு வந்த 1,526 கம்பெனிகளை எடுத்து, முதல் நாள் விலைக்கு வாங்கி மூன்று வருடம் வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டார். சராசரியாக 34 சதவீத லாபம். அதே துறையில், அதே அளவில், முன்பே லிஸ்ட் ஆகியிருந்த கம்பெனிகளில் கிட்டத்தட்ட 62 சதவீதம். கம்பெனிகள் அதிகமாகக் குவிந்த வருடங்களில் வந்தவைதான் ரொம்ப மோசமாகச் செய்திருந்தன.

மின்சாரத் துறையில் ஜன்னல் மூடுவதும் திறப்பதும் அப்பட்டமாகத் தெரிந்தது. 2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் வந்தபோது கேட்டதைவிட 70 மடங்குக்கு மேல் விண்ணப்பம் குவிந்தது, இத்தனைக்கும் அதன் மின்நிலையங்கள் பெரும்பாலும் திட்ட அளவில்தான் இருந்தன. 450 ரூபாய் பங்கு, சின்ன முதலீட்டாளருக்கு 20 ரூபாய் தள்ளுபடி. பிப்ரவரியில் லிஸ்ட் ஆவதற்குள் சந்தை விழுந்துவிட்டது, முதல் நாள் முடிவு 372 ரூபாய் 50 காசு. அதே பிப்ரவரியில் வோக்ஹார்ட் ஹாஸ்பிடல்ஸும் ரியல் எஸ்டேட் கம்பெனியான எமார் எம்ஜிஎஃப்பும் தங்கள் ஐபிஓவை நடுவிலேயே வாபஸ் வாங்கின. அவ்வளவுதான், கடல் மூடியது. ஒன்றரை வருடம் கழித்துத்தான் மின்சாரக் கம்பெனிகள் மறுபடி கிளம்பின, 2009 ஜூலைக் கடைசியில் அதானி பவர், ஆகஸ்டில் என்எச்பிசி, டிசம்பரில் ஜேஎஸ்டபிள்யூ எனர்ஜி. நாட்டில் கரன்ட் தட்டுப்பாடு அந்த ஒன்றரை வருடமும் இருந்தது. தேவை இருந்தும் பங்கு விற்க முடியவில்லை, விலை இல்லாததால்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1992 வரைக்கும் பங்கை என்ன விலைக்கு விற்பது என்பதை மத்திய அரசின் ஒரு அலுவலகம்தான் முடிவு செய்யும். அந்த வருடம் அதை எடுத்துவிட்டார்கள். விலையைக் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம் என்றதும் அடுத்த மூன்று நாலு வருடம் பெரிய வெள்ளம், 1994, 95 வாக்கில் ஒரே வருடத்தில் ஆயிரத்துக்கும் மேல் வெளியீடுகள். ஃபைனான்ஸ் கம்பெனி, கிரானைட் கம்பெனி, இறால் பண்ணை என்று துறை துறையாக வந்தன. அப்போது மெட்ராஸ் பங்குச்சந்தை பாரிமுனையில் செகண்ட் லைன் பீச்சில் இருந்தது. என் சித்தப்பா துறைமுகத்தில் வேலை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நடந்துபோய் விண்ணப்பப் படிவம் வாங்கிவருவார். இறால் ஏற்றுமதி பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம், அவர் ஒரு இறால் பண்ணைக் கம்பெனிக்கு 100 பங்கு, பத்து ரூபாய் வீதம் ஆயிரம் ரூபாய் கட்டினார். அன்றைக்கு ஆயிரம் ரூபாய் பெரிய பணம்.

அந்தத் துறையில் அது எத்தனையாவது கம்பெனி என்று அவர் யோசிக்கவில்லை, யோசிக்கச் சொல்லிக் கொடுக்கவும் ஆளில்லை. கொஞ்ச நாளில் இறாலுக்கு நோய் வந்து பண்ணைகள் படுத்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு கொடுத்தது, நம்ம தமிழ்நாட்டு சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் போட்ட வழக்கு அது. சித்தப்பா கம்பெனிக்கு எழுதின கடிதம், அந்த முகவரியில் ஆள் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. பங்குப் பத்திரம் இன்னும் தண்டையார்பேட்டை வீட்டு டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்குக் கீழே இருக்கிறது. அச்சு அழகாக இருக்கும், ஓரத்தில் பச்சை மை. அவர் படிவம் வாங்கிவந்த மெட்ராஸ் பங்குச்சந்தையும் 2015-ல் மூடப்பட்டது.

இதையெல்லாம் சொன்னதும் அத்தை மகன் கேட்டான், அப்போ ஐபிஓ பக்கமே போகக் கூடாதா அண்ணா என்று. அப்படி இல்லை. அலையில் முதலில் வந்த எத்தனையோ கம்பெனிகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன, நடுவில் வந்த நல்ல கம்பெனிகளும் உண்டு. கிரே மார்க்கெட் பிரீமியம், அதாவது லிஸ்ட் ஆகும் முன்பே வெளியில் பேசிக்கொள்கிற கூடுதல் விலை, எவ்வளவு என்று பார்க்கிற நேரத்தில் பாதியை பிராஸ்பெக்டஸுக்குக் கொடுத்தால் போதும் என்றேன். செபி இணையதளத்தில் எல்லாக் கம்பெனியின் வரைவு ஆவணமும் இலவசமாகக் கிடக்கிறது, ஐந்நூறு பக்கம் இருக்கும், முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. முதல் பக்கத்திலேயே புதுப்பங்கு எவ்வளவு, ஆஃபர் ஃபார் சேல் எவ்வளவு என்று இருக்கும். விற்பவர் யார், என்ன விலைக்கு முதலில் வாங்கினார் என்பதும் இருக்கும். அதன்பிறகு அந்த ஒப்பீட்டு அட்டவணைக்குப் போ, அதில் இருக்கும் ஒவ்வொரு கம்பெனியும் எப்போது லிஸ்ட் ஆனது என்று மட்டும் பக்கத்தில் பென்சிலால் எழுது என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை மூடினதும் போன் செய்தான். அவன் விண்ணப்பிக்க நினைத்திருந்த ஒரு கம்பெனியின் அட்டவணையைத் திறந்து வைத்திருந்தான். "அண்ணா, இதுல அஞ்சு கம்பெனி பேர் போட்டிருக்காங்க. அஞ்சுல நாலு போன ஒரு வருஷத்துல வந்ததுதான். அந்த நாலும் விலை வைக்கும்போது ஒண்ணை ஒண்ணு பார்த்துதான் வச்சிருக்கு" என்றான்.

ஐந்தாவது எப்போது வந்தது என்று கேட்டேன். பன்னிரண்டு வருடம் முன்னால் என்றான். எத்தனை மடங்கு என்று கேட்டேன். அந்த நாலில் பாதி.